எழுவாய் எங்கே?

விஷவாயு தாக்கித் தொழிலாளர் பலி.

நான்கே சொற்கள். நாளேடு புரட்டும் பழக்கமுள்ள தோழர்கள் அனைவரும் இந்த நான்கு சொற்களையும் ஒருமுறை அல்ல, பலமுறை கண்டிருப்பர். ஊர் மாறும், தேதி மாறும், இறந்தோர் தொகை இரண்டு என்றிருக்கும், மூன்று என்றிருக்கும், சிலபோது ஆறு என்றுமிருக்கும். சொற்கள் மட்டும் மாறுவதில்லை. அச்சுக்கூடத்தில் ஒருமுறை கோத்து வைத்த தலைப்பை, ஆண்டுதோறும் தூசி தட்டி எடுத்துப் பயன்படுத்துகின்றனரோ என்று ஐயுறத் தோன்றுகிறது!

காப்பியங்களை ஆராய்கிறோம். கவிதைகளைத் தராசில் நிறுத்துப் பார்க்கிறோம். நாடகத்தின் உரையாடலில் குறை காண்கிறோம். ஆனால், ஆயிரம் பேர் படிக்கும் கவிதைக்குத் திறனாய்வு உண்டு. கோடிப் பேர் படிக்கும் செய்தி வாசகத்துக்குத் திறனாய்வு இல்லை. ஏன் இல்லை? மக்களின் மனத்தைச் செதுக்குவதில் காப்பியத்தைவிட நாளேட்டுக்குப் பங்கு அதிகம் அல்லவா? ஆகவேதான் இக்கிழமை நாம் ஆய்வுக்கு எடுத்துக்கொள்வது, புலவர் எவரும் பாடாத, ஆனால் நாடே மனப்பாடம் செய்துவிட்ட இந்த ஒரு வாசகத்தை.

பள்ளிச் சிறுவனிடம் கேளுங்கள். வாக்கியத்தில் எழுவாய் எது, பயனிலை எது என்று பிரித்துக் காட்டுவான். தாக்கியது எது? விஷவாயு. ஆக, இந்தக் கதையில் குற்றவாளி விஷவாயு! கையும் காலும் முளைத்து, குழிக்குள் பதுங்கியிருந்து, வந்தவர்மீது பாய்ந்து கொன்றுவிட்டு, பிடிபடாமல் காற்றோடு கலந்துவிட்ட கொலையாளி அது. அதன்மீது வழக்குத் தொடுக்க முடியாது. கூண்டில் ஏற்ற முடியாது. எனவே எல்லோரும் நிம்மதியாக அடுத்த பக்கத்தைப் புரட்டலாம்.

அடுத்து, பலி. பலி என்பது பீடத்துக்குரிய சொல். ஆட்டை வெட்டினால் பலி. கோழியை அறுத்தால் பலி. கொடுப்பவன் ஒருவன், பெறுவது ஒரு தெய்வம், இடையில் தலை குனிந்து நிற்பது வாயில்லாப் பிராணி. சாக்கடைக் குழியில் மூச்சுத் திணறி மாண்ட மனிதனுக்கு இந்தச் சொல்லைச் சூட்டியவர் யார் என்று நாம் அறியோம். ஆனால் சூட்டிய சொல் உண்மையைத் தன்னை அறியாமலே உளறிவிடுகிறது. பலி என்றால், கொடுத்தவர் ஒருவர் இருந்தாக வேண்டுமே! அவர் எங்கே? அந்த வாசகத்தில் அவருக்கு இடமில்லை. இறங்கச் சொன்னவர் இல்லை. கூலி பேசியவர் இல்லை. குழிக்கு மூடி போட்டு, அதற்குள் காற்றுப் போக வழி வைக்காமல் கட்டியவர் இல்லை. எந்திரம் வாங்காத ஆட்சிமன்றம் இல்லை. எழுவாய் ஓடிவிட்டது, பயனிலை மட்டும் பாதையில் பிணமாகக் கிடக்கிறது.

இதை வெறும் இலக்கண விளையாட்டு என்று எவரேனும் எண்ணினால், அவரை அழைத்துக்கொண்டு நாம் ஆட்டையாம்பட்டிக்குப் போவோம்.

சேலத்திலிருந்து திருச்செங்கோடு செல்லும் சாலையில் உள்ள பேரூர் அது. ஆட்டையாம்பட்டி என்றதும் பலருக்கு நாவில் ஊறுவது கைமுறுக்கு. முறுக்கைப் போலவே அந்த வட்டாரத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது தறி. கைத்தறியாக இருந்தது விசைத்தறியாக ஆயிற்று. திண்ணையில் இருந்த தொழில் தகரக் கொட்டகைக்குப் போயிற்று. 1997ஆம் ஆண்டு தொடக்கத்தில் சேலம் மாவட்டத்திலிருந்து நாமக்கல் தனியாகப் பிரிக்கப்பட்டது. எல்லைக்கோடு மாறியதே தவிர, இருபுறத்துச் சமவெளியிலும் தொழில் ஒன்றுதான், நீர் ஒன்றுதான், கழிவும் ஒன்றுதான். சேர்வராயன் மலையில் பிறந்து, சேலம் நகரைக் கடந்து, இந்தச் சமவெளி வழியே காவிரியை நோக்கிச் செல்லும் திருமணிமுத்தாறு, நகரத்தின் சாக்கடையையும் சாயப்பட்டறைகளின் நீரையும் சுமந்து செல்வதை இந்த வட்டாரத்து உழவர் எவரும் அறிவர். முத்து என்றும் மணி என்றும் பெயர் வைத்தோம். அனுப்பி வைப்பது எதை?

ஆட்டையாம்பட்டியில் இன்ன நாளில் இன்னார் மாண்டார் என்று நாம் கூற வரவில்லை. அந்த ஊரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. பெருநகரத்துப் பாதாளச் சாக்கடையைப் பற்றிப் பேசும்போது, அது சென்னையின் நோய், மும்பையின் நோய் என்று சிற்றூரார் எண்ணிவிடுகின்றனர். நம் பேரூராட்சிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பாதாளச் சாக்கடையே கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், தெருவோரம் திறந்த சாக்கடை, அவ்வளவுதான். வீடு இருந்த இடத்தில் தறிக்கூடம் வந்தது. தறிக்கூடத்தின் பின்னே தொழிலாளர் குடியிருப்பு வந்தது. ஐந்து பேருக்குக் கட்டிய தொட்டி ஐம்பது பேரின் கழிவைத் தாங்குகிறது. தொட்டிக்கு வயதாகிவிட்டது, குழாய்க்கு வயதாகிவிட்டது. பாவுக்குப் போட்ட கஞ்சி கழுவிய நீர், சாயம் அலசிய நீர், பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெய் எல்லாம் ஒரே வழியில் இறங்கினால் என்ன ஆகும்? சூடாக ஊற்றும்போது எண்ணெய் நீர்போல ஓடும். உள்ளே சென்று குளிர்ந்ததும் குழாயின் உட்சுவரில் மெழுகாகப் படியும். இலண்டனில் ஒயிட்சாப்பல் பகுதியின் சாக்கடையில் 2017இல் கண்டெடுத்த கொழுப்புக் கட்டி 250 மீட்டர் நீளம், 130 டன் எடை! பெரிய நகரத்துக்குப் பெரிய அடைப்பு. சிற்றூருக்குச் சிறிய அடைப்பு. வித்தை ஒன்றுதான்.

மழை பெய்கிறது. இரவு நேரம். கழிவறையில் ஊற்றிய நீர் கீழே போகாமல் மேலே வருகிறது. முற்றத்தில் நாற்றம். வீட்டார் பதறுகின்றனர். உடனே ஒரு சொல் பிறக்கிறது: அவசரம்!

இந்தச் சொல்லையும் சற்று உரசிப் பார்ப்போம். அவசரம் யாருக்கு? நாற்றம் தாங்காதவருக்கு. ஆபத்து யாருக்கு? இறங்குபவருக்கு. ஒருவருடைய அவசரத்தை மற்றொருவருடைய ஆபத்தாக மாற்றும் மாயக்கோலுக்குப் பெயர்தான் கூலி. பத்து ஆண்டுகளாக வாரப்படாத தொட்டி ஒரே இரவில் நிரம்பிவிடுமா? மூன்றாண்டுக்கு ஒருமுறை உறிஞ்சு லாரியை வரவழைத்திருந்தால் இந்த இரவு வந்திருக்காது. ஆண்டுக்கணக்கில் காட்டிய அலட்சியம், அடைத்துக்கொண்ட அன்றைக்கு அவசரம் என்று பெயர் மாற்றிக்கொள்கிறது. அந்த அவசரத்தில் கைப்பேசி எங்கே போகிறது? மின்கம்பி அறுந்தால் மின்வாரியத்துக்குப் போகிறது. தீப்பிடித்தால் தீயணைப்பு நிலையத்துக்குப் போகிறது. சாக்கடை அடைத்தால் மட்டும் அது ஒரு குறிப்பிட்ட தெருவைத் தேடிப் போகிறது! இந்தச் சமவெளியில் அந்தத் தெரு பெரும்பாலும் அருந்ததியர் தெரு. அடைப்பு எடுக்க ஆள் வேண்டும் என்றால், யாருடைய பிள்ளை என்பதைச் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிகிறது. எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் தராத இந்தத் தகுதியைப் பிறப்பு தந்திருக்கிறது. சனாதனம் ஏட்டில் இருக்கிறது என்று தேடுவோர், முதலில் தம் கைப்பேசியில் தேடட்டும்.

இனி, கொலையாளி என்று குற்றம் சாட்டப்பட்ட விஷவாயுவை விசாரிப்போம். அது எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து இறங்கியதா? பேய் ஊதியதா?

காற்றுப் புகாத கழிவில் வாழும் நுண்ணுயிர்கள், அங்குள்ள சல்ஃபேட்டைப் பயன்படுத்தி ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயுவை உண்டாக்குகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அதன் அடையாளம். அது காற்றைவிடக் கனமானது; ஆகவே தொட்டியின் அடியில் தங்கும். சேற்றினுள் சிறைப்பட்டிருக்கும் இந்த வாயு, மூங்கிலாலோ மண்வெட்டியாலோ கிளறும்போது ஒரே மூச்சில் வெளிப்படும். பத்து லட்சம் பங்கு காற்றில் இது 100 பங்கு சேர்ந்துவிட்டால், மூக்கின் நுகரும் ஆற்றல் மரத்துப்போகிறது. நாற்றம் நின்றுவிட்டது, இனி இறங்கலாம் என்று நினைக்கும் அந்த நொடியே மிகக் கொடிய நொடி! 500 பங்கைத் தாண்டினால் சில நிமிடங்களில் மயக்கம். 1000 பங்கை நெருங்கினால் ஓரிரு மூச்சிலேயே சரிந்துவிழ நேரும். இதனோடு மீத்தேன் சேர்ந்திருக்கும், உயிர்வளி குறைந்திருக்கும். நல்ல காற்றில் ஏறக்குறைய 21 விழுக்காடு இருக்கும் உயிர்வளி 19.5 விழுக்காட்டுக்குக் கீழே போனாலே அந்த இடம் ஆபத்தானது என்பது தொழிற்பாதுகாப்பு விதி. விளக்கேற்றி உள்ளே விட்டுப் பார்க்கும் பழக்கம் சில ஊர்களில் உண்டு. அது அறியாமையின் உச்சம். காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை மீத்தேன் கலந்திருந்தால், அந்த விளக்கே வெடிக்குத் திரியாகும்.

சாயத்தொழில் நடக்கும் ஊருக்கு இன்னொரு செய்தியும் உண்டு. பருத்திக்குக் கருமை ஏற்றும் கந்தகச் சாயத்துக்குச் சோடியம் சல்ஃபைடு பயன்படுகிறது. அந்தக் கழிவில் அமிலக் கழிவு வந்து கலந்தால், நுண்ணுயிரின் உதவி இல்லாமலே ஹைட்ரஜன் சல்ஃபைடு பிறக்கும். சாயம் துணியில் நன்றாகப் பற்றுவதற்காகச் சேர்க்கும் சோடியம் சல்ஃபேட் உப்போ, அந்த நுண்ணுயிர்களுக்கு நாமே பரிமாறும் விருந்து. இதே வாயு குழாயின் மேல்பகுதி ஈரத்தில் கந்தக அமிலமாக மாறி, சிமெண்டை அரித்துத் தின்கிறது. பழைய குழாய்கள் உள்ளிருந்தே இற்று விழுவதற்கும், மனிதர் மயங்கி விழுவதற்கும் காரணம் ஒன்றே.

இவ்வளவையும் விஞ்ஞானம் நேற்றுக் கண்டுபிடித்ததா? இல்லை. பாடநூலில் பல காலமாக இருப்பது. தெரிந்த ஒன்றை எதிர்பாராதது என்று எழுதுவது பொய். 2025 மே மாதத்தில், பல்லடம் அருகே கரைப்புதூரில் ஒரு சாயத் தொழிற்சாலையின் கழிவுத் தொட்டியில் இறங்கிய தொழிலாளர் மூவர் மாண்டனர். 2019 மார்ச்சில், ஸ்ரீபெரும்புதூர் அருகே நெமிலியில் ஒரு குடியிருப்பின் தொட்டியில் ஆறு பேர் மாண்டனர். முதலில் இறங்கியவரைக் காப்பாற்ற அடுத்தவர், அவரைக் காப்பாற்ற அதற்கடுத்தவர் என ஒருவர்பின் ஒருவராக இறங்கி மாண்டனர். அந்த ஆறு பேருக்குள் ஒரு தந்தையும் அவருடைய மக்கள் இருவரும் உண்டு. அன்பு இறக்கிற்று, அறிவு தடுத்திருக்க வேண்டும். மூச்சுக்கருவி இல்லாமல் எவரும் இறங்கக் கூடாது என்ற ஒரு பாடத்தைப் பள்ளியிலே சொல்லிக் கொடுத்திருந்தால், அந்த ஆறில் ஐந்து உயிரேனும் மிஞ்சியிருக்கலாம் அல்லவா? நாம் எதைச் சொல்லிக் கொடுத்தோம்? விதி என்று சொல்லிக் கொடுத்தோம். அறிவியல் சொல்லும் விதி ஒன்று. தலையில் எழுதியதாகச் சொல்லும் விதி மற்றொன்று. முதலாவதைக் கல்லாத நாடு இரண்டாவதை நம்பித்தான் தீரும்.

நாளேட்டின் நடை இப்படி என்றால், அரசாங்கத்தின் நடை எப்படி?

1993இல் ஒரு சட்டம் வந்தது. போதாது என்று 2013இல் இன்னொரு சட்டம் வந்தது. சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் ஆபத்தான முறையில் மனிதரை இறக்குவதை அது தடைசெய்கிறது. முதல்முறை மீறினால் இரண்டாண்டுச் சிறை அல்லது 2 லட்ச ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் மீறினால் ஐந்தாண்டு, 5 லட்சம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆபத்தான முறை என்றால் என்ன என்று அதே சட்டம் தரும் விளக்கத்தைப் பாருங்கள்: பாதுகாப்புக் கருவியும் முன்னெச்சரிக்கையும் இல்லாமல் இறக்கினால்தான் ஆபத்தான முறையாம்! கருவி கொடுத்து இறக்கினால்? சட்டத்தின் கதவு திறந்துகொள்கிறது. முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலின் திறவுகோலை மேஸ்திரியின் கையில் கொடுத்த கதை இது. பிரிட்டனில் 1997இல் வகுத்த விதியோ, வேறு வழி இருக்குமானால் அடைபட்ட இடத்தில் எவரும் இறங்கவே கூடாது என்றுதான் தொடங்குகிறது. எப்படி இறங்குவது என்பது அதற்கு அடுத்த கேள்வி.

2021இல் நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசு தந்த விடையை இலக்கண மாணவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டும். கையால் மலம் அள்ளும் தொழிலால் இறந்தவர் எவரும் இல்லை என்றனர். அதே ஆண்டில், சாக்கடையையும் கழிவுத் தொட்டியையும் தூய்மை செய்கையில் இறந்தோர் 1993 முதல் 941 பேர் என்றும் கணக்குத் தந்தனர். அள்ளுவோர் வேறாம், இறங்குவோர் வேறாம்! ஒரு சொல்லை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியில் சுழியத்தையும் மறுபாதியில் பிணத்தையும் வைத்த திறமையைச் சொல்லணி வல்லாரும் கண்டு வியப்பர்.

அந்த 941இல் 213 பேர் தமிழ்நாட்டவர். குஜராத் 153. முதலிடம் நமக்கு! கல்வியில் முன்னணி, மருத்துவத்தில் முன்னணி, தொழிலில் முன்னணி என்று பட்டியல் படிக்கும் மேடைகளில் இந்த முதலிடத்தையும் சேர்த்துப் படிக்கும் துணிவு வேண்டும். சுயமரியாதை பிறந்த நாட்டில், மனிதனை மனிதன் இழுக்கும் கைரிக்‌ஷாவை ஒழித்த நாட்டில், அருந்ததியருக்கு 2009இல் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு தந்த நாட்டில், இந்தக் கணக்கு தலைகுனிவே. பிற மாநிலங்கள் கணக்கை மறைக்கின்றன, நாம் ஒழுங்காகப் பதிவு செய்கிறோம் என்று சமாதானம் சொல்வோர் உண்டு. அது உண்மையாகவே இருக்கலாம். பதிவேடு ஒழுங்காக இருப்பது பெருமையே; பதிவதற்குப் பெயர் வந்துகொண்டே இருப்பது பெருமையா?

உச்ச நீதிமன்றம் 2014இல், இறந்தோர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது. 2023 அக்டோபரில் அதனை 30 லட்சமாக உயர்த்தியது. நல்ல தீர்ப்பு, வரவேற்கிறோம். ஆனால் இழப்பீடு கொடுத்த செய்தியைப் படிக்கும் அளவுக்கு, இறக்கியவர் சிறை சென்ற செய்தியைப் படிக்க முடிகிறதா? வழக்கிலும் எழுவாய் காணாமல் போகிறது.

ஏடும் சட்டமும் இருக்கட்டும். நம்முடைய இலக்கியம் என்ன செய்தது? இங்கேதான் திறனாய்வாளன் தன் வீட்டையே சோதனையிட வேண்டும்.

நமக்குச் சாக்கடை புதிதன்று. மதுரையின் சுருங்கையைச் சிலப்பதிகாரம் பேசுகிறது. சுருங்கை வழியே பாயும் நீரை, யானை துதிக்கையால் வீசும் நீருக்கு ஒப்பிடுகிறது பரிபாடல். கீழடியில் 2019இல் சுடுமண் குழாய்கள் வெளிப்பட்டபோது நாம் நிமிர்ந்து நின்றோம். மொகஞ்சதாரோவின் மூடிய சாக்கடைகளைக் காட்டி, ஆரியர் வருமுன்னே இந்த அறிவு இங்கிருந்தது என்று பேசாத மேடை உண்டா? பேசியது சரியே. ஆனால் ஒரு கேள்வி: சுருங்கையைப் பாடிய புலவர் பலர், சுருங்கையில் இறங்கியவரைப் பாடியவர் யார்? கட்டியவன் கைவண்ணம் தெரிகிறது. வாரியவன் கை தெரியவில்லை. மாடத்தின் மேல் நின்று கீழே பார்த்த இலக்கியம் அது. நீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டது. எங்கே போய்ச் சேர்கிறது, யார் தலையில் சேர்கிறது என்று காணவில்லை. பழம்பெருமை பேசுவோர், அந்தச் சுடுமண் குழாயின் மறுமுனையில் நின்றவனையும் தம் முன்னோர் பட்டியலில் சேர்த்துக்கொள்வாராக.

பிறகு வந்தது புகழுரை இலக்கியம். 1936இல் காந்தியார் தம் ஹரிஜன் ஏட்டில் இலட்சியத் தோட்டி எப்படி இருக்க வேண்டும் என்று எழுதினார். அந்தத் தொழிலை உயர்த்திப் பேசினார். 1945இல் அண்ணல் அம்பேத்கர் அதைக் கிழித்துக் காட்டினார். பிறப்பால் ஒருவன் தலையில் கட்டிய தொழிலைப் புனிதம் என்று புகழ்வது, அவனை அதிலேயே கட்டிப் போடும் தந்திரம் என்பது அவர் வாதத்தின் சாரம். அந்தப் புகழுரை மரபு இன்றும் சாகவில்லை. போர்வீரர் என்கின்றனர், காவலர் என்கின்றனர், காலில் விழுந்து கழுவியும் விடுகின்றனர். பட்டம் உயர்கிறது, மனிதன் இறங்கிக்கொண்டே இருக்கிறான். மாலை போடும் கை, மூச்சுக்கருவியை நீட்டுவதில்லை.

புகழ்ச்சிக்கு எதிர்ப்புறத்தில் இரக்க இலக்கியம். கண்ணீர்க் கதைகள். சேறு பூசிய உடல், அழும் மனைவி, பால் கேட்கும் குழந்தை. படிப்பவர் விழி நனைகிறது. நனைந்ததும் மனச்சான்று குளித்து முடித்துத் தூங்கப் போய்விடுகிறது. அங்கும் குற்றவாளி வறுமை, அல்லது விதி. நாளேட்டின் விஷவாயுவுக்கும் கதையின் வறுமைக்கும் வேறுபாடு என்ன? இரண்டையும் கைது செய்ய முடியாது.

வேறு வழியில் எழுத முடியாதா? முடியும் என்று காட்டியவர் உண்டு. விக்தர் ஹியூகோ, 1862இல் வெளிவந்த தம் பெரும் புதினத்தில், கதையை நிறுத்திவிட்டுப் பாரிசின் சாக்கடைக்கென்றே பல அத்தியாயங்களை ஒதுக்கினார். கவிதை மட்டும் எழுதவில்லை, கணக்கும் எழுதினார். வயலுக்கு எருவாக வேண்டியதைக் கடலில் கொட்டி, ஆண்டுக்கு இரண்டரைக் கோடி பிராங்கைப் பாரிஸ் இழக்கிறது என்றார். நெப்போலியன் காலத்தில் அந்தச் சாக்கடையை ஆராயப் புருணெசோ என்பார் ஆட்களோடு இறங்கியதை விவரிக்கும்போது, இருபது தொழிலாளரில் எட்டுப் பேர் மேற்கொண்டு வர மறுத்துவிட்டனர் என்று குறிக்கிறார். மறுத்தனர்! அந்த ஒரு பயனிலைக்காகவே ஹியூகோவைக் கொண்டாடலாம். நம் கதைகளில் இறங்கினான், மயங்கினான், மாண்டான் என்ற பயனிலைகள் உண்டு. மறுத்தான் என்ற பயனிலை எத்தனை இடத்தில் உண்டு?

அண்டை நாட்டிலே தகழி சிவசங்கரப் பிள்ளை 1947இல் எழுதிய தோட்டியின் மகன் அந்தப் பயனிலையைத் தேடிச் சென்ற நூல். சுந்தர ராமசாமி அதனைத் தமிழாக்கினார். ஆலப்புழையில் கதை நடக்கிறது. ஆனால் இசக்கிமுத்து, சுடலைமுத்து என்று பெயர் தாங்கி வாளி சுமப்போர் தமிழர். தமிழரின் துயரை மலையாளி எழுதித் தமிழர் படிக்க நேர்ந்தது! அந்தப் புதினத்தின் வலிமை கண்ணீரில் இல்லை. நகராட்சித் தலைவரும், கூலியில் கைவைக்கும் ஓவர்சியரும் அங்கே பெயரோடும் தொழிலோடும் எழுவாயாக நிற்கின்றனர் என்பதிலே இருக்கிறது. சங்கம் அமைக்க முயன்றால் யார் கெடுப்பது, எப்படிக் கெடுப்பது என்ற பொறியமைப்பை அது காட்டுகிறது. தன் மகன் தோட்டியாகக் கூடாது என்று கனவு கண்டு, அதற்காகத் தன் கூட்டத்தாரையே காட்டிக்கொடுக்கும் சுடலைமுத்துவை அது மன்னிக்கவும் இல்லை, வெறுக்கவும் இல்லை; விளக்குகிறது.

இதே திருச்செங்கோட்டு மண்ணிலிருந்து எழுதும் பெருமாள்முருகன், பீக்கதைகள் என்று ஒரு தொகுப்புக்கே பெயரிட்டார். நூலின் முகப்பில் அந்தச் சொல்லைக் கண்டு முகம் சுளித்தோர் உண்டு. சுளிக்கட்டும்! சொல்லைக் கண்டே சுளிக்கும் முகம், பொருளை வாரும் கையைப் பற்றி ஒருகணம் எண்ணினால் போதும். 2017இல் திவ்யபாரதி எடுத்த கக்கூஸ் என்ற ஆவணப்படமோ ஊர் ஊராகச் சென்று இறங்கியவரின் வாயாலேயே உண்மையைப் பேசவைத்தது. பல இடங்களில் அதைத் திரையிட இடையூறு நேர்ந்தது. குழியில் மனிதரை இறக்கினால் வராத சட்டம் ஒழுங்குக் கவலை, அதைத் திரையில் காட்டினால் வந்துவிடுகிறது!

இந்நூல்களிலும் படத்திலும் குறை இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இவை திசை காட்டுகின்றன. சாக்கடை இலக்கியத்துக்கு நாம் வைக்கும் உரைகல் மூன்று. இறக்கியவர் யார் என்று சொல்கிறதா? இறங்காமல் முடித்திருக்கக்கூடிய வழி இருந்தது என்று காட்டுகிறதா? மறுக்கும் உரிமை அவனுக்கு உண்டு என்று உணர்த்துகிறதா? மூன்றுக்கும் இல்லை என்று விடை வந்தால், நடை எவ்வளவு அழகானாலும் அது விஷவாயு இலக்கியமே.

இரண்டாம் கேள்விக்கு விடை கையருகே இருக்கிறது. 2015இல் கோழிக்கோட்டில் ஆள்நுழைவுக் குழியில் சிக்கிய தொழிலாளர் இருவரைக் காக்கப் போன ஆட்டோ ஓட்டுநர் ஒருவரும் அவர்களோடு மாண்டார். அது கேரளத்து இளம் பொறியாளர் சிலரின் உறக்கத்தைக் கெடுத்தது. அவர்கள் செய்த குழி தூர்க்கும் எந்திரம் 2018இல் திருவனந்தபுரத்தில் வேலைக்கு வந்தது. பின்னர்த் தமிழ்நாட்டு நகரங்களுக்கும் வந்தது. பெருநகரத்துக்கு எந்திரம் வந்தால் போதுமா? ஆட்டையாம்பட்டி போன்ற பேரூருக்கு வேண்டியது பெரிய அற்புதம் ஒன்றும் இல்லை. உறிஞ்சு லாரி ஒன்று, பக்கத்துப் பேரூராட்சிகளோடு பங்கிட்டுக்கொள்ளலாம். நீரைப் பீய்ச்சி அடைப்பு உடைக்கும் எந்திரம் ஒன்று. வாயுமானி ஒன்று. எந்தத் தொட்டி எந்த ஆண்டில் வாரப்பட்டது என்று எழுதிய பதிவேடு ஒன்று. தொட்டிக்குக் காற்றுக் குழாயும், லாரிக் குழாய் நுழையும் அளவுக்கு மூடியும் இல்லாத கட்டடத்துக்கு அனுமதி இல்லை என்ற உறுதி ஒன்று. சாயக் கழிவும் எண்ணெயும் மலத்தொட்டியில் கலக்கக் கூடாது என்ற கண்டிப்பு ஒன்று. அடைத்துக்கொண்டால் தெருவைத் தேடாமல் 14420 என்ற எண்ணை அழைக்கும் பழக்கம் ஒன்று. தேர்த்திருவிழாவுக்குப் பணம் திரட்டத் தெரிந்த ஊருக்கு இதைத் திரட்டத் தெரியாதா?

இளைஞர்களே! படிப்பகங்களில் நாளேட்டை விரிக்கிறீர்கள். அடுத்த முறை அந்த நான்கு சொற்கள் கண்ணில் பட்டால், பக்கத்தைப் புரட்டாதீர்கள். எழுதுகோலை எடுங்கள். அந்த ஏட்டின் ஆசிரியருக்கு மடல் தீட்டுங்கள். இப்படி எழுதுமாறு கேளுங்கள்: எந்திரத்துக்கு ஆகும் செலவை மிச்சம் பிடிக்க எண்ணி, இன்ன கட்டடத்தின் உரிமையாளர், வாயுவைச் சோதிக்காமல், சட்டத்தை மீறி, இத்தனை பேரைத் தொட்டியில் இறக்கினார், அவர்கள் இறந்தனர், இன்ன பிரிவில் அவர்மீது வழக்கு, இத்தனை மாதமாகியும் வழக்கு இன்ன நிலையில். நீளமான வாக்கியந்தான். தலைப்பில் அடங்காதுதான். ஆனால் அதில் எழுவாய் இருக்கிறது.

எழுவாய் இருந்தால் குற்றவாளி இருப்பான். குற்றவாளி இருந்தால் வழக்கு நடக்கும். வழக்கு நடந்தால், அடுத்த மழைக்கால இரவில், அடைத்துக்கொண்ட தொட்டியருகே நின்று கூலி பேசுபவரின் நா சற்றே தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தில் ஓர் உயிர் பிழைக்கும். அதற்கும் முன்னதாக, பேசப்பட்ட கூலியைக் கேட்டபின்னும், மாட்டேன், எந்திரத்தை வரவழை என்று சொல்லும் குரல் ஒன்று எழுமானால், அந்தக் குரலுக்குப் பக்கத்தில் நாம் நிற்க வேண்டும்.